குறைந்த சம்பளத்தில் இருந்துகொண்டு துணையைப் பிரிட்டனுக்குச் சுற்றுலா விசாவில் அழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். என் துணைவி, அதாவது காதலி, இந்தோனேசியக் குடிமகள். சுரபாயாவில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்புப் பணியில் இருக்கிறார். மூன்று வாரம் இங்கே வந்து என்னோடு இருந்துவிட்டுப் போக அவர் போட்ட முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏழு மாதம் கழித்துப் போட்ட இரண்டாவதில் விசா கிடைத்தது. இரண்டு முறையும் என் சம்பளம் ஒன்றுதான். அதன் பிறகு, என்னைப் போலவே கிடங்கிலும் பராமரிப்பு இல்லத்திலும் உணவகத்திலும் வேலை பார்ப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள், சுற்றுலா விசா என்று நாம் சொல்லும் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு விசிட்டர் விசாவுக்கு மட்டும் பொருந்தும்.

ஸ்பான்சர் செய்ய எனக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும்?

அப்படி ஒரு தொகையே கிடையாது. இதை நம்ப மறுப்பவர்கள்தான் அதிகம், காரணமும் புரிகிறது. எல்லோர் மனதிலும் நிற்பது 29,000 பவுண்ட் என்ற எண். அது கணவன் அல்லது மனைவியை இங்கேயே குடியேற அழைக்கும் குடும்ப விசாவுக்கான ஆண்டு வருமான வரம்பு. 2012 முதல் 18,600 ஆக இருந்ததை 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆக்கினார்கள். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவரின் விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. வாரம் 40 மணி நேரம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 25,400. அதாவது, முழு நேரமும் உழைக்கிற ஒருவரால் அந்தக் கூலியில் குடும்ப விசா வரம்பை எட்ட முடியாது. ஆனால் அதே ஆள் தன் துணையை மூன்று வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும் என்று தாராளமாகக் காட்டலாம். விசிட்டர் விதிகள் கேட்பது, வந்து தங்கித் திரும்பும் நியாயமான செலவுக்குப் போதுமான பணம் இருக்கிறதா என்பதைத்தான். வருபவர் இங்கே வேலை செய்யாமலும் அரசு உதவித்தொகையைத் தொடாமலும் அந்தச் செலவு நடக்க வேண்டும்.

நான் ஸ்பான்சர் செய்கிறேன் என்றால் என் துணை எதையும் காட்ட வேண்டியதில்லைதானே?

முதல் தடவை நாங்கள் சறுக்கியது இங்கேதான். ஸ்பான்சர் என்ற சொல்லே ஆளை ஏமாற்றிவிடுகிறது. விண்ணப்பதாரர் உங்கள் துணை. முடிவு அவரைப் பற்றியது. நீங்கள் அவருக்குக் கைகொடுக்கும் மூன்றாவது நபர் மட்டுமே.

படிவத்தில் அவருடைய மாத வருமானம், சேமிப்பு, மாதச் செலவு, இந்தப் பயணத்துக்கு எவ்வளவு செலவழிக்கப் போகிறார் என்றெல்லாம் கேட்பார்கள். "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்ற எண்ணத்தில் என் துணைவி தன் சம்பளத்தைப் போடாமலேயே விட்டுவிட்டார். மாதம் 50 லட்சம் ரூப்பியா வாங்குகிறவர். பவுண்டில் 230க்குப் பக்கம்தான் வரும் என்று கூச்சப்பட்டார். படிவத்தைப் பார்த்த அதிகாரிக்கு என்ன தெரிந்திருக்கும்? வேலையில்லாத, வருமானமில்லாத ஒரு பெண், காதலனைப் பார்க்க வருகிறார். அவர் திரும்பிப் போவார் என்று நம்ப அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை.

சின்னச் சம்பளத்தை எழுதுவதில் கூச்சமே வேண்டாம். அது எவ்வளவு என்பதை விட, ஒவ்வொரு மாதமும் வருகிறது, வேலை காத்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஸ்பான்சரிடம் அவர்கள் உண்மையில் என்ன பார்க்கிறார்கள்?

விதியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வருபவரோடு உங்களுக்கு உண்மையான உறவு இருக்க வேண்டும். நீங்கள் குடியேற்றச் சட்டத்தை மீறியவராக இருக்கக் கூடாது. அவர் தங்கும் காலம் முழுக்க உங்களால் ஆதரிக்க முடியும், ஆதரிக்கவும் செய்வீர்கள் என்று நம்பும்படி இருக்க வேண்டும். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவரும் ஸ்பான்சர் செய்யலாம். குடியுரிமை வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

தேவைப்பட்டால், தங்குமிடத்துக்கும் பராமரிப்புக்கும் நான் பொறுப்பு என்று எழுத்து மூலமாக உறுதிமொழி கேட்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் விளையாட்டாகக் கையெழுத்துப் போடாதீர்கள். அது சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தும்.

என் கணக்கில் 2,000, 3,000 பவுண்ட்தான் இருக்கிறது. போதுமா?

தொகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது, எதற்குச் செலவாகப் போகிறது என்ற இரண்டும் பொருந்தி வர வேண்டும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கைக்கு வரும் சம்பளம் மாதம் 1,800 பவுண்ட். பில்கள் சேர்த்து அறை வாடகை 650, சாப்பாடு 230, போக்குவரத்து 130, போனும் சில்லறைச் செலவும் 140, ஊருக்கு அப்பா அம்மாவுக்கு அனுப்புவது 250. மொத்தம் 1,400. மிச்சம் 400. ஆறு மாதத்துக்கு முன் கணக்கில் 350 இருந்தது என்றால் இப்போது 2,750 இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுகிற அதிகாரி கண்ணுக்கு அந்த ஏற்றம் மாதாமாதம் தெரியும்.

இப்போது செலவுப் பக்கம். விமான டிக்கெட் 650, மூன்று வாரத்துக்குக் கூடுதல் சாப்பாடும் பஸ், ரயிலும் 400, வெளியே சுற்ற 250. மொத்தம் 1,300. தங்குவது உங்கள் அறையில் என்பதால் ஓட்டல் செலவு இல்லை. எல்லாம் போக 1,450 கையில் நிற்கும். இந்தக் கணக்கில் இடிக்கிற இடமே இல்லை. 2,750 பவுண்ட் சிறிய தொகைதான், ஆனால் இந்தப் பயணத்துக்கு அது தாங்கும்.

இதே 2,750ஐ வைத்துக்கொண்டு ஆறு மாதம் தங்கப் போகிறார், ஸ்காட்லாந்து முழுக்கச் சுற்றப் போகிறோம் என்று எழுதினால் கணக்கு உதைக்கும்.

நண்பரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

நான் செய்தேன். விண்ணப்பம் போடுவதற்கு ஒன்பது நாள் முன்பு, நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு 3,000 பவுண்ட் அனுப்பினார். ஸ்டேட்மென்ட்டில் 212, 180, 95 என்று நொண்டிக்கொண்டிருந்த கணக்கு, ஒரே வரியில் 3,000ஐத் தாண்டி நிற்கிறது. வீட்டில் பிரின்ட் எடுத்துப் பார்த்தபோது எனக்கு அது பெருமையாக இருந்தது. நிராகரிப்புக் கடிதத்தில் அந்தத் தேதியையும் தொகையையும் அப்படியே குறிப்பிட்டு, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை, ஆகவே இது உண்மையில் உங்கள் செலவுக்குக் கிடைக்கக்கூடிய பணம் என்று ஏற்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது கோபமே வரவில்லை. அவர்கள் சொன்னது உண்மை.

பெரிய தொகை நியாயமாகவே வந்திருக்கலாம். சீட்டு எடுத்தது, போனஸ், வரி திரும்பக் கிடைத்தது, வண்டி விற்றது. அப்படியானால் அதற்கான தாளையும் வைத்து, கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

"பேலன்ஸ் காட்டித் தருகிறோம்" என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறாரே?

ஓடிவிடுங்கள். போலி ஆவணமோ பொய்த் தகவலோ கொடுத்து அது பிடிபட்டால் உங்கள் துணைக்கு 10 ஆண்டு தடை விழலாம். ஏஜென்ட் தப்பித்துவிடலாம், உங்கள் இருவரின் பத்து வருடம் போய்விடும். பிற்பாடு குடும்ப விசா போடும்போதும் அது கூடவே வரும்.

பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை தொழிலாகச் சொல்பவர்கள் வழக்கறிஞர் போன்ற முறையான தகுதி உள்ளவராகவோ, பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கவனிக்கும் அமைப்பின் இப்போதைய பெயர் இம்மிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி. 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்று இருந்தது. பதிவு இல்லாமல் ஆலோசனை சொல்வது குற்றம். பணம் கொடுக்கும் முன் அவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் என்னென்ன ஆவணங்கள் அனுப்ப வேண்டும்?

ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அதே ஆறு மாத பேஸ்லிப், வேலை கொடுப்பவரின் கடிதம், இங்கே தங்க உங்களுக்கு இருக்கும் உரிமைக்கு ஆதாரம், வீட்டு வாடகை ஒப்பந்தம், அழைப்புக் கடிதம். பேஸ்லிப்பில் உள்ள தொகையும் கணக்கில் விழுந்த தொகையும் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். நான் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டேன். ஒரு மாதம் ஓவர்டைம் பணம் தனியாக வந்திருந்தது. கடிதத்தில் அதற்கும் ஒரு வரி எழுதினேன். சுயதொழில் செய்பவர் என்றால் வரித்துறையின் கணக்கீட்டுத் தாளை வையுங்கள். கையில் ரொக்கமாகக் கூலி வாங்குபவர் அதை வாரா வாரம் கணக்கில் கட்டும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

ஒரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பிரிட்டனின் உள்துறையான ஹோம் ஆபீஸ் வெளியிடும் ஆவண வழிகாட்டியிலேயே, எதெல்லாம் பயன்படாது என்று ஒரு பட்டியல் உண்டு. ஸ்பான்சரின் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) பில், கரண்ட் பில், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், படிப்புச் சான்றிதழ், ஓட்டல் புக்கிங், பயணக் காப்பீடு, சொந்தப் புகைப்படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. முதல் தடவை நாங்கள் அனுப்பிய 64 பக்கத்தில் பாதிக்கு மேல் இவைதான். இரண்டாவது முறை 38 பக்கம்.

துணையின் பக்கம் என்ன வேண்டும்?

அவர் திரும்பிப் போவதற்கான காரணம் தாளில் தெரிய வேண்டும். எங்கள் விஷயத்தில் வேலை செய்தது ஒரே ஒரு கடிதம். மருத்துவமனை தன் லெட்டர்ஹெட்டில் அவர் எப்போது சேர்ந்தார், சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு, எந்தத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. அதோடு அவருடைய ஆறு மாத வங்கிக் கணக்கு. டிக்கெட்டில் பாதியை அவரே போடுவதாக எழுதினோம். அவர் சேமிப்பில் அதற்குப் பணம் இருந்தது. கொஞ்சமாவது தன் கையிலிருந்து போடுகிறவர் என்பது நல்லபடியாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

வேலையில் இல்லாதவர் என்றால் படிப்பு, பார்த்துக்கொள்ள வேண்டிய பெற்றோர், பிள்ளைகள், வீடு, நிலம் என்று எது உண்மையில் அவரை அங்கே பிடித்து வைத்திருக்கிறதோ அதைக் காட்டுங்கள். இல்லாததை உருவாக்காதீர்கள்.

ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத ஆவணம் ஒவ்வொன்றுக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நாங்கள் காதலர்கள் என்பதை மறைத்து "நண்பர்" என்று எழுதினால் பாதுகாப்பா?

இல்லை. காதலர் என்றால் வந்து தங்கிவிடுவார் என்று சந்தேகப்படுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு நண்பர் எதற்காக இன்னொரு நண்பருக்கு டிக்கெட் போட்டு, மூன்று வாரம் தன் அறையில் தங்க வைக்கிறார்? அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. பொய் என்று தெரிந்தால் மேலே சொன்ன 10 ஆண்டு விவகாரம்.

உறவை நேராகச் சொல்லுங்கள். எப்போது, எங்கே சந்தித்தீர்கள், நேரில் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள், எதிர்காலத்தில் என்ன நினைக்கிறீர்கள். நாங்கள் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகியவர்கள். அதைத் தேதியோடு எழுதி, நான் சுரபாயா போய் வந்தபோது பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைப் பக்கங்களின் நகலை வைத்தோம். "பின்னாளில் சேர்ந்து வாழ நினைக்கிறோம். அதற்கு உரிய விசாவை உரிய நேரத்தில் கேட்போம். இந்தப் பயணம் அதற்காக அல்ல" என்று கடிதத்திலேயே சொன்னேன்.

அழைப்புக் கடிதத்தில் என்ன எழுதுவது?

ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில். உருக்கமாக எழுத வேண்டாம். நான் எழுதியதன் சாரம் இது:

"நான் இன்னார், இந்த முகவரியில் வசிக்கிறேன், இந்த வேலை, மாதம் கைக்கு இவ்வளவு வருகிறது. விண்ணப்பதாரர் என் துணைவி. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என் அறையில் தங்குவார். வீட்டு உரிமையாளரின் அனுமதிக் கடிதம் இணைப்பில். சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் என் செலவு. விமானக் கட்டணம் ஆளுக்குப் பாதி. என் மாத வரவு செலவு கீழே. அந்த மூன்று வாரத்தில் எனக்கு எட்டு நாள் விடுப்பு."

அந்த வரவு செலவுக் கணக்கு அட்டவணைதான் கடிதத்தின் உயிர். மேலே நான் போட்டுக் காட்டியதைப் போல ஏழெட்டு வரி போதும்.

பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைதான் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை. உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டு, இன்னார் இந்தத் தேதிகளில் தங்கலாம் என்று கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால், தங்குமிடத்தை மட்டும் உங்கள் அண்ணனோ நெருங்கிய உறவினரோ தரலாம். அவர் தனியாகக் கடிதம் தர வேண்டும்.

எத்தனை நாள் கேட்பது நல்லது?

விசா பொதுவாக ஆறு மாதம் வரை தங்க அனுமதிக்கும். அதற்காக ஆறு மாதம் தங்கப் போவதாக எழுத வேண்டியதில்லை. உங்கள் சேமிப்பும் அவருடைய விடுப்பும் தாங்குகிற அளவுக்கு எழுதுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் இயல்பாக இருக்கும்.

எப்போது விண்ணப்பிப்பது, டிக்கெட் எப்போது எடுப்பது?

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விரல் ரேகையும் புகைப்படமும் கொடுத்த பின் முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். விசா வரும் வரை டிக்கெட் எடுக்காதீர்கள். விலையை மட்டும் பார்த்துக் கணக்கில் எழுதினால் போதும். நிராகரித்தால் விண்ணப்பக் கட்டணமே திரும்பாது, டிக்கெட்டையும் சேர்த்து இழக்க வேண்டாம்.

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ள துணை என்றால் இந்தப் பாடு எதுவும் இல்லை. 2025 ஜனவரி 8 முதல் அவர்களுக்கு இடிஏ என்ற மின்னணு அனுமதி வாங்கினால் போதும்.

வந்த இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே இருந்துவிடலாமா?

இந்த விசாவில் முடியாது. கல்யாணம் செய்வதற்கும், அதற்குப் பதிவாளரிடம் முன்னறிவிப்புக் கொடுப்பதற்கும் மேரேஜ் விசிட்டர் விசா என்று தனியாக இருக்கிறது. அதிலும் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். விசிட்டராக வந்தவர் இங்கிருந்தபடியே குடும்ப விசாவுக்கு மாற விதி இடம் தருவதில்லை.

நிராகரித்துவிட்டார்கள். இனி என்ன?

முதலில் கடிதத்தை இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை படியுங்கள். வந்த அன்று படித்தால் "நம்பவில்லை" என்ற சொல் மட்டும்தான் மண்டையில் ஏறும். என் துணைவி அன்று போனில் பேசவே இல்லை. தன் சம்பளம் குறைவு என்பதால்தான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் இருவரும் வரி வரியாக வைத்துப் பார்த்தபோது கடிதத்தில் இருந்த காரணங்கள் மூன்றே மூன்று: என் கணக்கில் விழுந்த 3,000, அவர் வேலையைக் குறிப்பிடாதது, நாங்கள் பழகியதற்குப் போதிய ஆதாரம் இல்லாதது. மூன்றும் சரிசெய்யக்கூடியவை.

சாதாரண விசிட்டர் விசா நிராகரிப்புக்கு மேல்முறையீடு கிடையாது. புதிதாக விண்ணப்பிக்கலாம், காத்திருப்புக் காலம் என்று ஒன்று இல்லை. ஆனால் எதையும் மாற்றாமல் அடுத்த வாரமே போடுவது பணத்தை எறிவது. நாங்கள் ஏழு மாதம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஆறு மாத ஸ்டேட்மென்ட்டில் அந்தக் கைமாற்றின் நிழலே இருக்கக் கூடாது என்பதுதான். பழைய நிராகரிப்பை அடுத்த படிவத்தில் மறக்காமல் சொல்லுங்கள். எந்த நாடு நிராகரித்திருந்தாலும் சொல்ல வேண்டும். கடிதத்தில் காரணம் 1, 2, 3 என்று போட்டு ஒவ்வொன்றுக்கும் இப்போது என்ன ஆதாரம் என்று எழுதினோம்.

விசா வந்துவிட்டது. விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள்?

யாரைப் பார்க்க வந்தீர்கள், எத்தனை நாள், அங்கே என்ன வேலை, எப்போது திரும்புகிறீர்கள். என் துணைவியிடம் இவ்வளவுதான் கேட்டார்கள், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசிக் கேள்விக்கு அவர் மருத்துவமனையின் விடுப்புக் கடிதத்தை எடுத்து நீட்டினார். அழைப்புக் கடிதம், விடுப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், உங்கள் போன் நம்பர் எழுதிய தாள் இந்த நான்கும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் வைத்தால் அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்காது. நீங்களும் அந்த ஒரு மணி நேரம் போனை சைலன்ட்டில் போட்டுவிடாதீர்கள், சில சமயம் அதிகாரி உங்களை அழைத்துப் பேசுவார்.